விலை 26 ரூபாய், கைக்கு வந்தது 19

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): வணக்கம் மேடம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் முள்ளு கத்திரி போடுகிறேன். மூன்று வருடம் முன்பு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி கொள்முதல் மையம் திறந்தது. ஆரம்பத்தில் வேலூர் நேதாஜி மார்க்கெட் மண்டி விலையைவிட 2, 3 ரூபாய் கூடக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும். ஊரில் பாதிப் பேர் மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டோம். காய் ஏற்ற வந்துகொண்டிருந்த மினி வேனும் நின்றுவிட்டது. இப்போது ரகம் பிரிப்பது, கழிவு என்று பிடித்தம் அதிகம், பணம் வர 24 நாள் ஆகிறது. கேட்டால் 'இஷ்டமில்லை என்றால் எடுத்துக்கொண்டு போங்கள்' என்கிறார்கள். போன வருடம் வந்த இன்னொரு கம்பெனியும் தினமும் அதே விலைதான் போடுகிறது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்கிறார்கள் என்று சந்தேகம். போட்டிச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா? ஊரே சேர்ந்து ஒரு விலை முடிவு செய்து, அதற்குக் கீழே யாரும் போடக்கூடாது என்று நிறுத்தலாமா? — அணைக்கட்டு வட்டத்திலிருந்து ஒரு விவசாயி

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பில் போட்டோவைத்தான் முதலில் பார்த்தேன். சட்டம் பேசுவதற்கு முன்னால் அந்தச் சீட்டை இருவரும் சேர்ந்து ஒருமுறை படிப்போம்.

அன்றைக்கு நீங்கள் கொண்டுபோனது 14 பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ, ஆக 280 கிலோ. முந்தின இரவு வாட்ஸாப்பில் வந்த விலை 26 ரூபாய். பெட்டிக்கு ஒரு கிலோ கழிவு என்று 14 கிலோ போய்விட்டது. 'நிராகரிப்பு' என்று 30 கிலோ. இரண்டாம் ரகம் 62 கிலோ, அதற்குப் பாதி விலை 13 ரூபாய். முழு விலை கிடைத்தது மீதி 174 கிலோவுக்கு மட்டும். கூட்டினால் 5,330 ரூபாய். அதை 280 ஆல் வகுங்கள். கிலோவுக்கு 19 ரூபாய் சொச்சம்.

அதே நாள் நேதாஜி மார்க்கெட்டில் ரகம் பிரிக்காத சரக்கு 24 ரூபாய்க்குப் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 280 கிலோவுக்கு 6,720. பத்து சதவீதக் கமிஷன் 672 போக 6,048. பங்கு வண்டி வாடகை 500, இறக்குகூலி 70 என்று உங்கள் கணக்கையே வைத்தால் கையில் 5,478. கிலோவுக்கு பத்தொன்பதரை. அதுவும் அன்றைக்கே கையில். கம்பெனி தருவது 24 நாள் கழித்து, அதற்குள் நீங்கள் மருந்துக் கடையில் கடன் சொல்லியிருப்பீர்கள்.

26 என்ற எண்ணைப் பார்த்துத்தான் ஊரே மண்டியை விட்டது. அது விலையில் ஒரு பகுதிதான். எடை, ரகம், கழிவு, பணம் வரும் நாள் எல்லாம் சேர்ந்துதான் விலை. வாங்குகிறவர் விலையைக் குறைக்க நினைத்தால் 26ஐ 20 ஆக்கிக் காட்ட மாட்டார், ஊர் கொதித்துவிடும். ரகத்தைக் கொஞ்சம் இறுக்குவார். இரண்டாம் ரகம் 20 கிலோவாக இருந்தது 60 ஆகும். யாருக்கும் கண்ணில் படாது.

மண்டிக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. என் அப்பா வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் மானாவாரியில் கடலை போட்டவர். ஆடி மாதம் விதைக்கடலைக்கு ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். அறுவடையில் வெளியே மூட்டைக்கு நூறு ரூபாய் கூடக் கிடைத்தாலும் அந்த வியாபாரியிடம்தான் போட வேண்டும். எடை போடும்போது அப்பா தராசைப் பார்க்க மாட்டார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பத்து வயதில் அது எனக்குப் புரியவில்லை. கேள்வி கேட்டால் அடுத்த ஆடிக்குப் பணம் கிடைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா என்பதை எனக்கு எழுதுங்கள். வாங்கியிருந்தால் நான் கீழே சொல்வதில் பாதி மாறும்.

அப்பாவுக்கு நடந்ததும் உங்களுக்கு நடப்பதும் ஒன்றேதான். வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போடும் வழி இருக்கும்வரை வாங்குகிறவர் மரியாதையாக இருப்பார். முதல் வருடம் உங்களுக்குக் கூட விலை கிடைத்தது நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகும் மினி வேன் தினமும் விடியற்காலை உங்கள் ஊரில் நின்றதால். கம்பெனி அந்த வேனோடு போட்டி போட்டது. வேன் நின்ற பிறகு யாரோடும் போட்டி போட வேண்டியதில்லை. கத்திரிக்காய் வேறு, பறித்து இரண்டு நாள் வைத்தால் பளபளப்புப் போய் வதங்கிவிடும். முள்ளு கத்திரியில் காம்பு முள் பக்கத்துக் காயைக் குத்திக் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். நெல் மாதிரி விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. 'எடுத்துக்கொண்டு போங்கள்' என்று அவர் தைரியமாகச் சொல்வது இது தெரிந்துதான்.

சரி, இனி சட்டம்.

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் விற்கிறவர்களை மட்டும் கட்டுப்படுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கும் அது பொருந்தும். பிரிவு 4, ஆதிக்க நிலையில் உள்ள ஒரு நிறுவனம் விற்பதிலோ வாங்குவதிலோ நியாயமற்ற விலை, நியாயமற்ற நிபந்தனை விதிக்கக் கூடாது என்கிறது. பிரிவு 3, ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து விற்கும் விலையையோ வாங்கும் விலையையோ நிர்ணயித்துக்கொள்வதைத் தடுக்கிறது.

பிரிவு 4இல் உங்களுக்கு இருக்கும் சிக்கல் 'ஆதிக்கம்' என்ற சொல். பெரிய கம்பெனியாக இருந்தால் போதாது, சம்பந்தப்பட்ட சந்தையில் ஆதிக்கம் இருக்க வேண்டும். அந்தச் சந்தை எது? உங்களுக்கு அது உங்கள் ஊரைச் சுற்றி 10 கிலோமீட்டர். கம்பெனி வக்கீல் வந்து, 'இவர் காயை வேலூரில் விற்கலாம், கோயம்பேட்டுக்கு அனுப்பலாம், சித்தூருக்கும் அனுப்பலாம், அந்தச் சந்தையில் எங்கள் பங்கு துளி' என்பார். அந்த வாதத்தை உடைப்பது சுலபமில்லை. இரண்டு கம்பெனியையும் சேர்த்து 'இருவருக்கும் கூட்டாக ஆதிக்கம்' என்று சொல்லவும் நம் சட்டத்தில் இடமில்லை. ஒரு நிறுவனம், அல்லது ஒரே கட்டுப்பாட்டில் உள்ள குழுமம், அவ்வளவுதான்.

பிரிவு 3தான் உங்கள் சந்தேகத்துக்குப் பொருந்துவது. பேசிவைத்து வாங்கும் விலையை முடிவு செய்தார்கள் என்று நிரூபணமானால், அதனால் போட்டி கெட்டது என்பதைச் சட்டமே ஊகித்துக்கொள்ளும். தண்டனையும் கடுமை: கூட்டு நீடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தில் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். ஆனால் ஒரே விலை போட்டார்கள் என்பது மட்டும் கூட்டுக்குச் சான்று ஆகாது. இரண்டு பேருமே இரவு கோயம்பேடு விலையைப் பார்த்து அதில் 4 ரூபாய் குறைத்துப் போட்டால்கூட விலை ஒன்றாகத்தான் இருக்கும். பக்கத்து டீக்கடைக்காரர் விலையைப் பார்த்து நாமும் வைப்பது மாதிரி.

பேசிவைத்தார்கள் என்று காட்ட என்ன வேண்டும்? கோயம்பேட்டில் விலை தாறுமாறாக ஏறி இறங்கிய நாட்களிலும் இவர்கள் இருவர் விலையும் பைசா மாறாமல் ஒன்றாக இருந்ததா? ஒரே இரவில், ஒரே நேரத்தில் செய்தி வந்ததா? 'அங்கே போட்டாயே, இங்கே ஏன் வந்தாய்' என்று ஒரு கம்பெனிக்காரர் உங்களைத் திருப்பி அனுப்பினாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் அது முக்கியமான சங்கதி. ஊரைப் பங்கு பிரித்துக்கொள்வதையும் அதே பிரிவு தடுக்கிறது. தினமும் வரும் விலைச் செய்தியை அழிக்காதீர்கள், இரண்டு கம்பெனியின் செய்திகளும் தேதியோடு ஆறு மாதத்துக்கு வேண்டும். யார், என்றைக்கு, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்.

புகார் டெல்லியில் இருக்கும் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போக வேண்டும். சென்னையிலும் மண்டல அலுவலகம் இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருடக் கெடு வந்துவிட்டது, சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் தகவல் கொடுத்துவிட வேண்டும். பெயரை ரகசியமாக வைக்கும்படி எழுத்தில் கேட்கவும் வழி இருக்கிறது. முகாந்திரம் இருக்கிறது என்று ஆணையம் நினைத்தால்தான் விசாரணைக்கு உத்தரவிடும், இல்லையென்றால் அங்கேயே முடித்துவிடும். உங்கள் 24 நாள் பாக்கியை வசூலித்துக் கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. இப்போது கையில் இருக்கும் ஆதாரத்தோடு புகார் கொடுத்தால் தள்ளுபடியாகும் வாய்ப்புதான் அதிகம் என்பது என் கருத்து. சேகரித்துக்கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்.

பெயர் வெளியே தெரிந்தால் காய் எடுக்க மாட்டார்களே என்ற பயம் உங்கள் ஊரோடு நிற்பதில்லை. பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சரக்கு கொடுப்பவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. அதைக் கண்காணிக்க 2013இல் தனி அதிகாரியே வந்தார். அவரிடம் புகார் சொல்பவர் பெயர் வெளியே போகாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். 2016 ஜனவரியில் அவர் டெஸ்கோ நிறுவனத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார், சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணத்தை வேண்டுமென்றே தாமதித்தார்கள் என்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இன்னும் நேரடியாகப் போனது: சிறிய சப்ளையரிடம் பெரிய நிறுவனம் வாங்கும் அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். அங்கே ஆதிக்கம் இருக்கிறதா, சந்தை எது என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. நம்மிடம் காய்கறிக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. 2020 வேளாண் சட்டங்களில் ஒன்றில் மூன்று வேலை நாளுக்குள் பணம் என்று ஒரு வரி இருந்தது, 2021இல் மூன்று சட்டமும் திரும்பப் பெறப்பட்டபோது அதுவும் போனது. அந்தச் சட்டங்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு வரியைத் தமிழ்நாடு தன் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

'ஊரே சேர்ந்து ஒரு விலைக்குக் கீழே போடக்கூடாது' என்கிற யோசனைக்கு வருகிறேன். இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். விலையைப் பேசிவைக்கக் கூடாது என்ற அதே பிரிவு விற்கிறவர்களையும் பிடிக்கும். சட்டத்தில் கூட்டு என்பதற்கான விளக்கத்தில் உற்பத்தியாளர்கள் என்ற சொல்லும் இருக்கிறது. அமெரிக்காவில் 1922லேயே விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விற்பதற்குத் தனிச் சட்டம் போட்டு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் போட்டிச் சட்டத்தில் விவசாயிக்கு அப்படி ஒரு வெளிப்படையான விலக்கு இல்லை. ஆணையம் உங்கள் ஊரைத் தேடி வரும் என்று பயமுறுத்தவில்லை. நீங்கள் புகார் கொடுத்த பிறகு கம்பெனி வக்கீல் உங்கள் ஊர் வாட்ஸாப் குழுச் செய்தியை எடுத்து நீட்டினால் என்ன செய்வீர்கள்?

தனித்தனியாக இருந்துகொண்டு விலை பேசிவைப்பதுதான் சிக்கல். ஒரே நிறுவனமாகச் சேர்ந்து, அந்த நிறுவனம் காயை வாங்கி விற்றால் அது ஒரு வியாபாரி ஒரு விலை சொல்வது. அதற்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவம் கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. 10 விவசாயிகள் இருந்தால் பதிவு செய்யலாம். மத்திய அரசின் 2020 திட்டம், உதவி பெற சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும் என்று வைத்தது. அதற்கு முந்தின படியாக, வேளாண் துறையின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு ஏற்கெனவே உங்கள் ஊரில் இருக்கிறதா என்று வேளாண் உதவி அலுவலரிடம் கேளுங்கள். பல ஊர்களில் குழு இருக்கிறது, பவர் டில்லர் வாங்கியதோடு தூங்குகிறது. புதிதாகத் தொடங்குவதைவிட அதை எழுப்புவது லேசு.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்த 30 கிலோ நிராகரிப்பு என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய இன்னொரு போட்டோவில் மையத்தின் மூலையில் பெட்டிகள் தெரிகின்றன, வீட்டுக்கு எடுத்துவரவில்லை என்று ஊகிக்கிறேன். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குகிறவர் வேண்டாம் என்று சொன்ன சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டியதில்லை, தகவல் சொன்னால் போதும். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதை அவரே யாருக்காவது விற்றால், ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், விலை கொடுத்தாக வேண்டும். அதனால் அடுத்த முறை நிராகரித்த காயை அங்கே விடாதீர்கள். பெட்டியோடு எடுத்து வந்துவிடுங்கள். எடுக்கவிடாமல் வைத்துக்கொண்டால், 'என் காய் 30 கிலோ உங்களிடம் இருக்கிறது' என்று அங்கேயே நின்று அவர்கள் எண்ணுக்கு ஒரு செய்தி போட்டோவோடு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்தவரை நிராகரிப்பைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எடை மேடையில் முத்திரை பாருங்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். பழைய முத்திரையாக இருந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கு ஒரு மனு போதும், அதற்கு வக்கீல் வேண்டாம்.

சேர்ந்தபோது ஆங்கிலத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறீர்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்தில் பணம் என்று அதில் எழுதியிருந்தால் 24 நாள் என்பது ஒப்பந்த மீறல். தேதிவாரியாகப் பாக்கியை எழுதி, வட்டியும் கேட்டு ஒரு நோட்டீஸ் விடலாம். வட்டியை எழுத்தில் கேட்டால்தான் பிற்பாடு அதைக் கோர வசதி. அதற்கும் மசியவில்லை என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்து லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசித் தீர்க்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே சமரசமானால் அது தீர்ப்புக்குச் சமம். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று உங்கள் மாமா கேட்கச் சொன்னாராம். அது பொருள் வாங்குகிறவருக்கு, விற்கிறவருக்கு இல்லை.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, ஊரில் யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பகுதிச் சரக்குக்கு மட்டுமே இந்தப் பெயர் என்ற பதிவு, கிடைத்தது. அந்தக் கம்பெனியின் கடையில் இந்தக் காய்க்கு என்ன பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? 'வேலூர் முள்ளு கத்திரி' என்று தனிப் பெட்டியில் தனி விலையில் வைத்திருந்தால், அவர்களுக்கு உங்கள் பகுதிக் காய்தான் வேண்டும். சாதாரணக் கத்திரிக்காய் என்றால் ஓசூரிலிருந்துகூட வரவழைப்பார்கள், இதற்கு அது முடியாது. நீங்களும் உங்கள் ஊர்க்காரர்களும் அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக, அதாவது அந்தப் பெயரைப் போட்டு விற்க உரிமை உள்ளவராக, பதிவு செய்துகொள்ளுங்கள். காம்பில் முள் இல்லாத காயை அந்தப் பெட்டியில் கலப்பதையும் நிறுத்துங்கள். உங்கள் போட்டோவில் இரண்டு பெட்டியில் கலப்பு இருந்தது, அதனால்தான் சொல்கிறேன். கலந்தால் அந்தப் பேரம் பேசும் பலம் நம் கையை விட்டே போய்விடும்.

கடைசியாக வேன். அதைத் திரும்ப ஓடவைப்பதை எந்தப் புகாரைவிடவும் முதலில் செய்யுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு நான்கு பெட்டி, வாரம் இரண்டு நடை என்று உறுதி சொன்னால் வேன்காரர் வருவார். எல்லாக் காயையும் மண்டிக்குத் திருப்ப வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். காகிதப்பட்டறை உழவர் சந்தைக்கும் அடையாள அட்டை வாங்கிவையுங்கள். அப்புறம் ஆம்பூர். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லாத கடை அங்கே உண்டா? மழையானாலும் வெயிலானாலும் தினமும் அவர்களுக்குக் காய் வேண்டும். லேசாக முள் குத்திய புள்ளி வதக்கும்போது தெரியப்போவதில்லை. நீங்கள் இரண்டாம் ரகம் என்று 13 ரூபாய்க்குக் கொடுத்த 62 கிலோவுக்கு அங்கே நேரடியாக 18 ரூபாய் கேட்டுப் பாருங்கள், அதிகமாகத் தோன்றாது. வேலூரிலேயே சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காந்தி ரோடு பக்கம் வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்கான மெஸ்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குக் கத்திரிக்காய் வறுவல் இல்லாமல் சாப்பாடு இறங்காது.

அடுத்த பறிப்பு வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மூன்று பெட்டியை மட்டும் மையத்துக்குக் கொண்டுபோகாமல் பள்ளிகொண்டா வழியாக ஆம்பூருக்கு எடுத்துப் போங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் கடைக்காரர்களைப் பார்க்கலாம். என்ன விலை சொன்னார்கள், எப்போது பணம் தந்தார்கள் என்பதைப் பில்லோடு எனக்கு எழுதுங்கள். விலைச் செய்திகளையும் அந்த ஆங்கிலப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நேரில் வந்தால் நோட்டீஸை எழுதிவிடலாம்.